வண்டி ஃப்ரீ... ரிப்பேர் யார் கணக்கு?

போன் டிஸ்ப்ளே உடைஞ்சா ரெண்டு நாள் எப்படியோ சமாளிச்சிடலாம். வீல்சேர் சக்கரம் உடைஞ்சா? வேலை, காலேஜ், ரேஷன் கடை எல்லாமே அன்னைக்கே கட்!

திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் இருக்கும் கிளியனூரை எடுத்துக்குவோம். மூன்று சக்கர சைக்கிள் பஞ்சர் ஆனால் சைக்கிள் கடையே போதும். ஆனால், பேட்டரி வீல்சேரில் மோட்டார் போனால் கதை வேறு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருப்பது விழுப்புரத்தில். ஓடாத வண்டியை அங்கே கொண்டுபோகவே இன்னொரு வண்டி பிடிக்கணும்.

இன்ஷூரன்ஸ் இருக்கே?

இருக்கு. ஆனா, உடம்புக்குத்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனை சிகிச்சையைப் பார்த்துக்கொள்ளும். வீல்சேர் ரிப்பேர் 'சிகிச்சை' கணக்கில் வராது. தனியார் மெடிக்ளெய்மிலும் நடக்க உதவும் சாதனங்களின் செலவு, பொதுவாகப் பணம் தராத பொருட்களின் பட்டியலில்தான் இருக்கிறது.

இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு. நம்ம வண்டி தேய்ஞ்சா, நம்ம பாக்கெட்தான்.

தேதி பார்க்கும் விதி

உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசின் 'அடிப்' திட்டம் 1981-லிருந்து நடக்கிறது. அதன் விதிப்படி, கடந்த 3 ஆண்டுகளில் இதே தேவைக்கு உதவி வாங்கியிருக்கக் கூடாது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் ஓராண்டு. அதாவது, விதி பார்ப்பது வண்டி வாங்கிய தேதியை. நம்ம ஊர் ரோட்டில் அது உடைந்த தேதியை அல்ல. வழங்கிய பிறகும் பராமரிப்பு தர வேண்டும் என்று அதே திட்டம் சொல்கிறது. ஆனால், முகாமில் வண்டி வாங்கியவர், முகாம் முடிந்த பின் எந்தக் கதவைத் தட்டுவார்?

ரிப்பேரை யாரும் யோசிக்கவில்லை என்பதற்கு ஜி.எஸ்.டி-யே சாட்சி. 2017-ல் வீல்சேருக்கு 5% வரி. அதன் உதிரி பாகங்களுக்கு 28%! 2018 டிசம்பர் 22-ல் கூடிய ஜி.எஸ்.டி கவுன்சில்தான் அதையும் 5% ஆக்கியது.

வெளியே எப்படி?

ஜெர்மனியில் பொது மருத்துவக் காப்பீட்டுச் சட்டமே, உபகரணத்தோடு பழுதுபார்ப்பும் மாற்றிக்கொடுப்பதும் உரிமை என்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாகாணம் 2022-ல் போட்ட சட்டப்படி, பவர் வீல்சேர் தயாரிப்பாளர்கள் உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் பயனாளர்களுக்கும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கொடுத்தாகணும்.

நம்மிடமும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரிவு 24, வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு இலவச உபகரணங்களையும், வேறு திட்டங்களில் வராதவர்களுக்கு விரிவான காப்பீட்டையும் பேசுகிறது. அந்தக் காப்பீட்டுக்குள் ரிப்பேரையும் சேர்த்தால் என்ன? தாலுகாவுக்கு ஒரு சர்வீஸ் மையம், இத்தனை நாளில் சரிசெய்யணும் என்ற கெடு, அதுவரை ஓட்ட ஒரு மாற்று வண்டி... கேட்பது இவ்வளவுதான்.

அதுவரை ஒரு டிப்ஸ்: வண்டி வாங்கிய தேதி, சீரியல் நம்பர், வாரன்டி அட்டையை போனில் போட்டோ எடுத்து வைங்க. பழுதானால் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, ரசீது வாங்குங்க. வாயால் சொன்னது பதிவாகாது. பதிவாகாத பழுது, அரசின் கணக்கில் ஓடுற வண்டிதான்!