அணியில் ஓரிடம், வகுப்பில் ஓரிடம்

வழி தவறிய மாணாக்கனை உதைபந்தாட்ட அணியிற் சேர்த்தல் தகுமோ என வினவுவோர் உளர். தகும் என்பதே என் துணிபு.

நாக்பூரில் கிஸ்லாப் கல்லூரி விளையாட்டுத்துறை ஆசிரியர் விஜய் பார்சே 2001இல் சேரிச் சிறுவரைத் திரட்டிப் பந்தாட்டம் பயிற்றலானார். குற்றவழியிற் புகுந்த இளைஞன் ஒருவன் அங்கே திருந்தி, 2010இல் ரியோவில் நிகழ்ந்த வீடற்றோர் உலகக் கிண்ணப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைவனானான்.

நம் வன்னியிலோ, 2009இன் பின் பூந்தோட்டம் முதலிய புனர்வாழ்வு நிலையங்களிலிருந்து மீண்டோர் பலரை ஊராரின் ஐயுறவே வாட்டியதை யான் கண்டேன். அத்தவற்றை இன்று போதைக்கு இரையான சிறுவரிடத்தும் இழைத்தல் ஆகாது.

ஆயின், கிண்ணத்தை விரும்பி அவன் காலை மட்டும் கொண்டு, கல்வியைக் கைவிடுதல் அறமன்று. அதிபர்களே, ஆசிரியர்களே! விளையாட்டுச் சீருடை அளிக்குமுன் வகுப்பறையில் அவனுக்கு ஓர் இருக்கை அளியுங்கள்.