ஒட்டியிருப்பதெல்லாம் ஒட்டுண்ணியா?

திமிங்கலச் சுறாவின் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டு போகிற மீனைக் காட்டினால் எங்கட ஆட்களில் கனபேர் உடனே 'ஒட்டுண்ணி' என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தச் சொல்லோடு எனக்குக் கனகாலமாய்க் கொழுவல். விலங்கியல் படிக்கப்போய் இரண்டாம் வருடத்தோடு நின்றவன்தான் நான். என்றாலும் உண்ணி எது, ஒட்டி எது என்று தெரியும்.

உண்ணி என்றால் தொற்றியிருக்கிற உடம்பையே தின்ன வேண்டும். இந்த மீன் அப்படித் தின்பதில்லை. அதன் தலையில் சப்பாத்தின் அடிப்பக்கம் மாதிரி வரிவரியாய் ஒரு தட்டு இருக்கும். முதுகுச் செட்டைதான் அப்படி உருமாறியிருக்கிறது. அதால் சுறாவைப் பிடித்துக்கொள்ளும். நீந்துகிற சிரமம் மிச்சம், சிந்துகிற சாப்பாடு இலாபம். சுறாவின் தோலில் தொற்றுகிற கடற்பேன்களையும் பிடித்துத் தின்னும். உண்ணி என்று சொல்வதென்றால் அந்தப் பேனைச் சொல்லுங்கள்.

பாரமே இல்லையா என்றால், இருக்கிறது. ஒட்டினால் தண்ணீரில் இழுவை கூடும், தோலும் தேயும். ஆனால் 12 மீற்றரையும் தாண்டி வளரக்கூடிய உயிர் அது.

நான் வேலைசெய்கிற சாப்பாட்டுக்கடையில், பிந்தி வந்த அகதிப் பெடியனை முந்தி வந்த எங்கட ஆட்களே இந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள். அவன் ஒரு நாளைக்குப் பதினொரு மணித்தியாலம் கோப்பை கழுவுகிறான். முந்தி வந்தவர்களும் அதே தொட்டியில் நின்றவர்கள்தான்.

அதே குசினியில் சூரைமீன் ரின் வெட்டுவதும் என்னுடைய வேலை. சூரையும் திமிங்கலச் சுறாவோடு திரிகிற சாதிதான். மூக்குக்கு முன்னால் மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட பாரைக் குஞ்சுகள் போகும், பக்கத்தில் கடல்விரால், கீழே சூரைக் கூட்டம். சுறாவுக்கு வினை வந்தது இந்தக் கடைசிக் கூட்டத்தைத் தேடி வந்தவர்களால். பெரிய கப்பல்கள் சுறாவைக் கண்டால் கீழே சூரை நிற்கும் என்று அதைச் சுற்றியே வலையை வளைத்தன. இந்து சமுத்திரச் சூரை ஆணையம் 2013 இல், தெரிந்துகொண்டு அப்படி வளைக்கக்கூடாது என்று தடைபோட்டது. தற்செயலாய் அகப்பட்டால் உயிரோடு விடப் பார்க்கவேண்டும், அறிக்கையும் கொடுக்கவேண்டும். நடுக்கடலில் தெரிந்து செய்ததா தெரியாமல் செய்ததா என்று யார் பார்ப்பது, அது வேறு கதை. ஆனால் வலையோடு வந்தவனை ஒருத்தரும் ஒட்டுண்ணி என்று சொன்னதாய் நான் கேள்விப்படவில்லை.

நான் 'ஒட்டுமீன்' என்றுதான் எழுதுகிறேன். உங்கட ஊர்க் கடற்கரையில் இதற்கு வேறு பெயர் இருந்தால் எனக்கும் சொல்லுங்கோ.