நாற்றுத் தட்டும் நகரும் பட்டையும்

அண்மையில் தணிக்கையின் பொருட்டுக் கூட்டுறவுக் காய்கறி நாற்றங்கால் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். கணக்கேடுகள் ஒழுங்காகவே இருந்தன. இருப்பைச் சரிபார்க்கும்பொருட்டுப் பசுமைக்குடிலுக்குள் நுழைந்தபோது, ஓரமாகச் சாக்குகளால் மூடப்பட்டு நீளமாக ஏதோ கிடக்கக் கண்டோம். சாக்கை விலக்கினால், நாற்றுத் தட்டுகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லும் 'கன்வேயர்' என்னும் நகரும் பட்டை! மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்க் கடனும் மானியமும் சேர்த்து வாங்கப்பட்ட பொருள் அது. ஏட்டில் ஆண்டுதோறும் அதற்குத் தேய்மானம் எழுதப்பட்டு வந்தது. உண்மையில் அது தேயவே இல்லை. ஓடினால் அன்றோ தேயும்?

இதில் பிறரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. அதை வாங்கலாம் என்ற பரிந்துரையில் ஒப்பமிட்டவர்களுள் நாமும் ஒருவர். விலைப்புள்ளிகள் மூன்று பெறப்பட்டிருந்தன. நிர்வாகக் குழுவின் தீர்மானம் முறையாக நிறைவேறியிருந்தது. கடன் வரம்பு மீறப்படவில்லை. கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டுவிட்டோம் என்னும் நிறைவோடு ஒப்பமிட்டோம். ஆயினும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. பல சங்கங்களில் இத்தகைய கருவிகளைப் பற்றிய பேச்சு எழுந்துள்ள இவ்வேளையில், அந்தக் கேள்வியை அங்கத்தினர்கள் முன் வைப்பது நம் கடமையாகிறது.

முதற்கண் இக்கருவி இன்னதென்று கூறுவோம். கரும்பாலையில் கரும்பை அரவைக்கு ஏற்றிச் செல்லும் தொடரை நம்மில் பலர் கண்டிருப்போம். அதன் சிறு தங்கை என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. ஆலையின் தொடர் ஓரிடத்தில் நிலையாகப் பதிக்கப்பட்டது. இதுவோ துண்டு துண்டாக வருவது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே சட்டமும் கால்களும் உண்டு. சிலவற்றில் மோட்டார் இருக்கும். சிலவற்றில் வெறும் உருளைகள் மட்டுமே இருக்கும், கையால் தள்ளினால் போதும். துண்டுகளை நேராகவும் வளைவாகவும் சேர்க்கலாம். தேவைக்கேற்ப நீட்டலாம், குறைக்கலாம், கழற்றி வேறிடத்தில் பூட்டலாம். இதன் சிறப்பே இந்தப் பிரித்துச் சேர்க்கும் வசதியில்தான் அடங்கியுள்ளது. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இத்துறையில் உலகுக்கு முன்னோடியாக விளங்குவது நெதர்லாந்து. அச்சிறிய நாட்டில் ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் பரப்பில் கண்ணாடிக் குடில்கள் உள்ளன. தொட்டிச் செடி வளர்க்கும் பெரிய பண்ணைகள் பலவற்றில் செடிகள் இருக்கும் மேசையே உருளைகளின் மீது நகர்ந்து வேலைக்கூடத்துக்கு வருகிறது. செடியை நாடி ஆள் செல்வதில்லை. காய்கறிக் குடில்களிலோ, குளிர்காலத்தில் வெந்நீர் ஓடிச் சூடு தரும் குழாய்களே வண்டி ஓடும் தண்டவாளமாகவும் பயன்படுகின்றன. ஒரே குழாய்க்கு இரண்டு வேலை! நமக்கோ குடிலைச் சூடாக்கும் தேவை இல்லை. ஆகவே அவர்களுக்குச் செலவின்றிக் கிட்டிய தண்டவாளத்தை நாம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அவர்கள் கருவியைப் பார்த்து வியக்கும்போது இத்தகைய வேற்றுமைகளையும் பார்த்தல் வேண்டும்.

எனினும் அவர்களிடமிருந்து கொள்ளத்தக்கது ஒன்று உண்டு; அது இயந்திரங்களுக்கு முற்பட்டது. அந்நாட்டின் புரூக் ஒப் லாங்கடைக் என்னும் ஊரில் 1887-ஆம் ஆண்டில் காய்கறி ஏலமுறை தொடங்கிற்று. அவ்வூர் வாய்க்கால்கள் சூழ்ந்தது. விவசாயிகள் முட்டைக்கோசையும் பூக்கோசையும் படகுகளில் ஏற்றி வருவர். பின்னர் அங்கு எழுந்த ஏலக்கூடத்தில் படகு உள்ளேயே நுழைந்து, விலை பேசப்பட்டு, மறுபுறமாக வெளியேறும் வண்ணம் நீர்ப்பாதை அமைத்தனர். சரக்கை விற்பதற்காக இறக்கி ஏற்றும் வேலையே இல்லை. 1973 வரை அங்கு வாணிகம் நடைபெற்றது. அவ்விவசாயிகள் சரக்கு எத்தனை தூரம் போகிறது என்று கவலைப்படவில்லை; எத்தனை முறை தூக்கப்படுகிறது என்றே பார்த்தனர்.

இனி நமது நாற்றங்காலுக்கு வருவோம். 98 குழிகள் கொண்ட ஒரு தட்டில் தென்னை நார்க் கழிவை நிரப்பி நனைத்தால் ஏறத்தாழ 2 கிலோ எடை நிற்கும். ஓர் ஏக்கர் தக்காளிக்கு 10,000 நாற்றுகள் என்று கொண்டால் 102-க்கு மேற்பட்ட தட்டுகள் வேண்டும். நிரப்பும் மேசையிலிருந்து விதைக்கும் மேசைக்கு ஒரு முறை. விதைத்தபின் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடி வைக்க ஒரு முறை. முளை கண்டதும் எடுத்துப் பரப்ப ஒரு முறை. நாற்று வளர்ந்தபின் வண்டியில் ஏற்ற ஒரு முறை. ஆக, ஒவ்வொரு தட்டும் நான்கு முறை கைமாறுகிறது. ஓர் ஏக்கர் நாற்றுக்கு 408 முறை. எடையில் 816 கிலோ! இதைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

சாக்கு மூடிய பட்டையைப் பற்றி அப்பெண்களிடம் வினவினோம். மோட்டார் பழுது, மின்தடை என்ற விடைகளையே எதிர்பார்த்தோம். அவையும் இருந்தன. ஆனால் அவர்களுள் மூத்தவர் கூறியது வேறு. "ஐயா, தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நேரந்தான் எங்கள் இடுப்புக்கு ஓய்வு. இந்தப் பட்டை அந்த நடையை எடுத்துக்கொண்டது, குனிகிறதை எங்களுக்கே விட்டுவிட்டது" என்றார்.

பட்டை போட்டிருந்த இடத்தைப் போய்ப் பார்த்தபின்புதான் அச்சொல்லின் பொருள் விளங்கிற்று. விதைக்கும் மேசையருகே அது தொடங்கியது. அங்கே தட்டு ஏற்கெனவே இடுப்பு உயரத்தில் இருக்கிறது. குடிலின் கடைசியில் அது முடிந்தது. அங்கே பெண்கள் நின்று, வந்துகொண்டேயிருக்கும் தட்டுகளை எடுத்துத் தரையில் குனிந்து வைக்க வேண்டியிருந்தது. முன்பு நாலு தட்டுக்கு ஒரு முறை நடை உண்டு. இப்போது இடைவிடாத குனிதல் மட்டுமே மிஞ்சியது. தூரம் குறைந்தது, தூக்குதல் ஒன்றுகூடக் குறையவில்லை. வாங்குமுன் அப்பெண்களை அழைத்து, "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று எவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. விடுபட்ட கேள்வி அதுவே.

நெசவாளப் பெருமக்கள் இதை எளிதில் உணர்வர். கையால் எறியும் நாடாவுக்குப் பதிலாகக் கயிற்றை இழுத்தால் ஓடும் நாடாவை 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் உருவாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் அது நமது தறிகளிலும் பரவியது. அது ஏன் நிலைத்தது? வீட்டில் இருந்த தறியிலேயே அதைப் பூட்ட முடிந்தது. பழுதானால் ஊர்த் தச்சரே சீர்செய்தார். இருபுறமும் கை நீட்டும் வேலையை அது உண்மையிலேயே நீக்கியது. தறி நெசவாளருடையதாகவே இருந்தது. புதிய கருவி எதுவாயினும் இந்நான்கு சோதனைகளில் தேறுகிறதா என்று பார்ப்பது நன்று.

ஆகவே, இக்கருவியே வேண்டாமென்று நாம் கூறவில்லை. குனியும் இடுப்புகளை எண்ணிப் பார்த்தால் அவ்வாறு கூறுவது அறமாகாது. வாங்கும் முறையை மாற்றுவோம் என்பதே நம் வேண்டுகோள்.

முதலாவது: விலைப்புள்ளி கோருமுன், தட்டு ஒவ்வொன்றும் எத்தனை முறை, எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்திற்குத் தூக்கப்படுகிறது என்பதை ஒரு வார காலம் எண்ணி எழுதுக. அக்கணக்கு வேலை செய்வோரின் வாயிலிருந்து வரட்டும்.

இரண்டாவது: ஒரே தடவையில் முழுத் தொகுதியையும் வாங்காமல், மோட்டார் இல்லாத உருளைத் துண்டுகள் சிலவற்றோடு தொடங்குக. தட்டைத் தரையில் பரப்பாது மேசைமேல் பரப்பினால், பட்டைக்கு முன்பே பாதி வலி தீரும்.

மூன்றாவது: அண்டைச் சங்கங்கள் கூடி ஒரே அளவை ஏற்றுக்கொள்க. ஐரோப்பியப் பூச்செடி வாணிகத்தில் டென்மார்க்கில் 1976-இல் தொடங்கிய பொது வண்டி ஏற்பாடு ஒன்று உண்டு. வண்டிகள் யாவும் ஒரே அளவு. நிறைவண்டியைக் கொடுப்பவர் வெறுவண்டியைப் பெற்றுக்கொள்வார். அளவு ஒன்றானால் ஒரு சங்கத்தில் சும்மா கிடக்கும் துண்டு மற்றொரு சங்கத்தில் ஓடும். உதிரிப் பொருளையும் பொதுவில் வாங்கி வைக்கலாம்.

நான்காவது: கருவியால் மிச்சமாகும் நேரம் எவரையும் வேலையிலிருந்து நீக்கும் காரணமாகலாகாது என்று பொதுக்குழுவிலேயே தீர்மானம் செய்க. மிச்சமான நேரத்தில் கூடுதல் நாற்று வளர்க்கலாம். வேலை நேரத்தைச் சற்றுச் சுருக்கலாம். வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர் கை, எந்த இயந்திரத்தையும் மனமுவந்து ஓட்டாது.

"மார்ச்சு மாதம் முடிந்தால் மானியம் போய்விடும், எண்ணிப் பார்க்க நேரம் ஏது?" என்று காரியதரிசிகள் கேட்பர். நியாயமான கேள்விதான். அந்த அவசரத்தில்தான் நாமும் அன்று ஒப்பமிட்டோம். மானியம் விலையில் ஒரு பகுதியையே தாங்கும். மீதியைக் கடனாகத் தாங்குவது அங்கத்தினரின் பங்குத்தொகை. அச்சங்கத்தில் பட்டை ஓடாத ஆண்டுகளிலும் தவணை தவறாது வந்தது. ஓராண்டு மானியத்தை இழப்பது நட்டமே. ஆனால் பல ஆண்டுத் தவணைக்கு வேலை செய்யாத இரும்பை வாங்குவது அதனினும் பெரு நட்டம்.

அச்சங்கத்தின் பட்டை இப்போது எந்நிலையில் உள்ளது என்பதையும் கூறி முடிப்போம். எட்டுத் துண்டுகளுள் மூன்றைக் கழற்றி, நிரப்பும் மேசைக்கும் அடுக்கும் இடத்துக்கும் இடையே அப்பெண்களே வைத்துப் பார்த்தனர். அடுக்கும் இடத்தில் ஒரு பலகை மேடையும் போட்டனர். மோட்டார் இல்லை, கையால் தள்ளுகின்றனர். அங்கே குனிதல் நின்றது. எஞ்சிய ஐந்தும் இன்னும் சாக்குக்கு அடியில்தான் உள்ளன. கடனும் முழுமையாகத் தீரவில்லை. பிரித்துச் சேர்க்கும் வசதிக்கென்றே விலை கொடுத்து வாங்கிய கருவியை, மூன்று ஆண்டுகளாக எவரும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதை எண்ணும்போது நாணமே உண்டாகிறது.

அடுத்த பரிந்துரை நம் மேசைக்கு வரும்போது, நான்காவது விலைப்புள்ளி ஒன்றையும் கேட்பதென்று உறுதி பூண்டுள்ளோம். தட்டைத் தூக்குவோர் தம் வாயால் சொல்லும் கணக்கே அது. சங்கங்களின் நிர்வாகக் குழுவினரும் அதனை இணைத்தே அனுப்புவார்களாக.