வால் மறந்த சிறகு



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் இல்லந்தோறும் ஒரே முறையீடு. “பிள்ளைகள் கைப்பேசியை விட்டு எழுந்திருப்பதில்லை” என்று தாய்மார்கள் வருந்துகின்றனர். எழுந்து வந்தால் அவர்கள் கையில் எதைக் கொடுப்பது? அதற்கு நம்மிடம் விடை இருக்கிறதா? இம்மாதம் ஒரு விடையை உங்கள் முன் வைக்கிறேன். மெல்லிய பலகைத் துண்டுகள், சிறிது பசை, ஒரு ரப்பர் இழை. இவற்றால் ஆன, காற்றில் மிதக்கும் சிறு விமானம்! வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மனித குலம் மிகுந்த விலை கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று இதற்குள் இருக்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்தவர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ். அவர் கவிஞர், வானியல் அறிந்தவர், கண்ணாடி செய்யும் கலையில் வல்லவர். 887-இல் மறைந்த அவரைப் பற்றி, ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ ஒரு செய்தியைக் குறித்து வைத்தார். இறகுகளைப் போர்த்தி, இரு சிறகுகளைப் பொருத்திக்கொண்டு இப்னு ஃபிர்னாஸ் காற்றில் பாய்ந்தார். கணிசமான தொலைவு பறந்தார். ஆனால் இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்பது அச்செய்தி. காரணம் என்ன? பறவைக்கு இறங்குவதில் துணை நிற்பது வால். அவரோ தமக்கு வால் அமைக்க மறந்துவிட்டார்! குறிப்பு பிற்காலத்தது எனினும், அது சுட்டும் காரணம் சிந்திக்கத்தக்கது.

ஓர் அஞ்சலட்டையைக் கிடையாகப் பிடித்துக் கைவிட்டுப் பாருங்கள். கரணம் அடித்துக்கொண்டே விழும். தனிச் சிறகின் நிலையும் இதுவே. அது உடலைத் தாங்கும், ஆனால் நிலைகொள்ளாது. பின்னால் சற்றுத் தள்ளி ஒரு சிறு தட்டை அமைத்தால் நிலைமை மாறுகிறது. மூக்கு மேலெழும்போது காற்று அத்தட்டின் அடியில் மோதிப் பின்புறத்தை உயர்த்துகிறது. மூக்கு தாழும்போது பின்புறத்தை அழுத்துகிறது. வால் என்பது அலங்காரம் அன்று. அது ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கும் ஓர் ஆசான்.

இந்த உண்மையைப் பிற்காலத்தவர் உயிரைப் பணயம் வைத்தல்லாமல், சிறு மாதிரிகளைக் கொண்டே சோதித்தனர். இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி 1804-இல் ஒரு கோலின் மீது பட்டம் போன்ற சிறகையும், கடைசியில் கூட்டல் குறி வடிவ வாலையும் பொருத்திப் பறக்கவிட்டார். பிரான்சின் அல்ஃபோன்ஸ் பெனோ 1871 ஆகஸ்ட் 18 அன்று, முறுக்கிய ரப்பரால் இயங்கும் மாதிரியைப் பாரிஸ் நகரத் தோட்டமொன்றில் பறக்கவிட்டார். அப்போது அவருக்கு வயது 21. விமானத்தின் எடையோ ஏறத்தாழ 16 கிராம்! நிலைநிறுத்தும் வால் கொண்ட அது 11 விநாடிகளில் சுமார் 40 மீட்டர் பறந்தது.

1878-இல் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் மைந்தர் இருவருக்கு, பெனோவின் அமைப்பிலான ரப்பர் பறக்கும் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். பொம்மை உடைந்தது, சிறுவர்கள் தாமே புதிதாகச் செய்தனர். பெரிதாகச் செய்யச் செய்ய அது பறக்க மறுத்தது. ஏன் என்ற கேள்வி அவர்கள் உள்ளத்தில் தங்கிவிட்டது. அவர்களே 1903-இல் விமானம் கண்ட ரைட் சகோதரர்கள்! ஒரு தந்தை வாங்கித் தந்த பொம்மை எதுவரை சென்றது பார்த்தீர்களா?

இனிச் செய்முறைக்கு வருவோம். இதற்கு உகந்தது பால்சா மரம். ஈக்வடார் நாட்டில் பெருமளவில் விளையும் இது, கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோவே நிறுக்கும். தேக்கின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மாதிரி விமானப் பொருள்கள் விற்கும் கடைகளில் பலகையாகக் கிடைக்கும்.

சிறகுக்கு 3 மி.மீ. கனத்தில் 30 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. அகலம். மர ரேகை நீளவாட்டில் ஓட வேண்டும். முன் விளிம்பை உப்புத்தாளால் உருட்டித் தேயுங்கள். பின் விளிம்பை மெலிதாக்குங்கள். பிறகு நடுவில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மேசையில் படுக்கவைத்து, மற்றதன் நுனியை 4 செ.மீ. உயர்த்தி ஒட்டுங்கள். விரிந்த புத்தகம் போன்ற இவ்வளைவே விமானம் பக்கவாட்டில் சாயும்போது நிமிர்த்துகிறது. உடலுக்கு 30 செ.மீ. நீளக் குச்சி. மூக்கிலிருந்து 5 செ.மீ. விட்டுச் சிறகு. கடைசியில் 1.5 மி.மீ. கனத்தில் 12 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் கொண்ட கிடைவால். அதன் மேல் 5 செ.மீ. உயரமுள்ள நிமிர்வால். கத்தி வேலையைப் பெரியவர்கள் அருகிருந்து கவனிக்க வேண்டும்.

பசை நன்கு உலர்ந்ததும், சிறகின் முன் விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. பின்னால், அடியில் இரு விரல்களை வைத்துத் தூக்குங்கள். விமானம் சமமாக நிற்கும் வரை மூக்கில் களிமண் சேருங்கள். பின்பு புல்தரையில், கிடையாக, மென்மையாக எறியுங்கள். மூக்கு மேலெழுந்து தயங்கி விழுந்தால் களிமண்ணைச் சிறிது கூட்டுங்கள். நேராகப் பாய்ந்து குத்தினால் சிறிது குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம்! இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது.

மிதப்பது கைவந்த பின்னரே ரப்பருக்குச் செல்லுங்கள். மூக்கில் சிறு புரொப்பெல்லர், பின்னால் ஒரு கொக்கி, இடையே 3 மி.மீ. அகல ரப்பர் வளையம். புரொப்பெல்லரின் எடை சமநிலையை மாற்றும். ஆகவே சிறகைப் பின்னிருந்து முன்னுக்கு நகர்த்திப் பழைய புள்ளிக்கு மீட்டுக் கொள்ளுங்கள். பின்புறமிருந்து பார்க்க அது வலஞ்சுழியாகச் சுழன்றால் விமானம் இடப்புறம் சாய முயலும். அச்சை இம்மியளவு வலப்புறமும் கீழும் திருப்பி ஒட்டுவது இதற்கு மருந்து. முதலில் 50 முறுக்கு, பிறகு 100, பிறகு 200 என்று படிப்படியாக ஏற்றுங்கள். அறுந்த ரப்பர் கண்ணில் தெறிக்கக்கூடும். முகத்தை விலக்கிக்கொண்டே முறுக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் இப்பணியில் அமர்த்துங்கள். முதல் விமானம் விழத்தான் செய்யும். அப்போது “காசு வீணாயிற்று” என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் கையிலிருந்து பிடுங்கி நீங்களே சரிசெய்யவும் வேண்டாம். “மூக்கு எழுந்ததா, தாழ்ந்ததா?” என்று மட்டும் கேளுங்கள். கேள்வி பிறந்துவிட்டால் திருத்தம் அவர்களிடமிருந்தே பிறக்கும். சிறகின் வலிமையைப் போற்றுவோர் பலர்; வாலின் அருமையை விழுந்தவனே அறிவான். குர்துபாவின் அறிஞர் அதற்குத் தம் முதுகைக் கொடுத்தார். நம் பிள்ளைகள் ஒரு மரத்துண்டைக் கொடுத்தே அதைக் கற்கட்டும்!