பைக்குள் தூங்கும் ஆரஞ்சுப் பாய்

கல்லூரியில் என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் இங்கிலாந்தின் தென்கரையில் செட்டிலாகிவிட்டான். போன கோடையில் தன் பாய்மரப் படகைச் சுற்றிக் காட்டினான். பதினோரு மீட்டர் நீளம். உள்ளே ஃப்ரிட்ஜ், டி.வி., நாலு ஸ்பீக்கர், கோப்பை உருளாமல் நிற்கத் தனித்தனிக் குழி. கட்டிலுக்கு அடியில் ஒரு ஆரஞ்சுப் பை.

‘‘இது என்னடா?’’

‘‘ஸ்டார்ம் ஜிப் மாப்ளே. புயல் வந்தா முன்னாடி கட்டுற சின்னப் பாய். ஏழு வருஷமாச்சு, கடைக்காரன் போட்ட முடிச்சைக்கூட அவிழ்க்கலை!’’

இதைப் பெருமையாகச் சொன்னான் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

கொஞ்சம் கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் அழுத்தம் நாலு மடங்கு. 20 நாட் காற்றில் சமர்த்தாக ஓடுகிற படகை, அதே பாயோடு 40 நாட் காற்று, அதாவது மணிக்கு 74 கிலோமீட்டர், பக்கவாட்டில் படுக்கப் போட்டுவிடும். அதனால்தான் ஆழ்கடல் பந்தய விதிகளில் அளவே குறித்திருக்கிறார்கள். பாய்மரத்துக்கு முன்னால் உள்ள முக்கோணத்தின் உயரத்தை அதே உயரத்தால் பெருக்கு. அதில் 5 சதவிகிதத்துக்கு மேல் ஸ்டார்ம் ஜிப் இருக்கக் கூடாது. உயரம் 12 மீட்டர் என்றால் பாய் சுமார் 7 சதுர மீட்டர். ஒரு புடவையைவிடக் கொஞ்சம் பெரிசு. அவ்வளவுதான்! வழக்கமாக அந்த இடத்தில் ஆடும் பெரிய பாய் முப்பதைத் தாண்டும்.

‘‘பெரிய பாயையே பாதி சுருட்டிக்கிட்டா போச்சு’’ என்றான் நண்பன். படகு விற்கிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இப்போதெல்லாம் முன்பாய், ஜன்னல் திரை மாதிரி கம்பியைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். கயிற்றை இழுத்தால் போதும். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதிக்கு மேல் சுருட்டிய பாயின் நடுவில் தொப்பை விழும். தொப்பை விழுந்த பாய் படகைச் சாய்க்குமே தவிர, காற்றுக்கு எதிரே ஏற்றிச் செல்லாது. சுருளைப் பிடித்திருப்பதோ ஒரே ஒரு கயிறு. அது உரசி அறுந்தால் முப்பது சதுர மீட்டரும் படீரென்று விரியும், அதுவும் நடுப்புயலில்.

சரி, சுருண்ட பாயைக் கழற்றிவிட்டு அதே கம்பியில் சின்னதை மாட்டலாமா? கழற்ற வேண்டுமானால் முதலில் அதை முழுசாக விரிக்க வேண்டும் சார்! எரிகிற வீட்டில் வெளியே வர, எல்லா அறைக்கும் ஒரு ரவுண்டு போய் வா என்பது போல. ஒழுங்கான வழி, உள்பக்கமாக இரண்டாவது கம்பி ஒன்று. அதில் கொக்கி கொக்கியாகச் சின்னப் பாயை மாட்டலாம். முன்பாய் கொஞ்சம் பின்னால் வருவதால் படகின் சமநிலையும் கெடாது.

‘‘வானிலை அறிக்கை இருக்கு, இன்ஜின் இருக்கு’’ என்பது அடுத்த வாதம். ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தைச் சுற்றி வருகிறவருக்குச் சரி, அவருக்கு இந்தப் பாயே வேண்டாம். அட்லாண்டிக்கைக் கடக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். புறப்படும்போது பார்த்த அறிக்கை நடுக்கடல் வரை கூட வராது. இன்ஜினோ, டாங்க் அடியில் கிடக்கும் கசடு குலுக்கலில் கிளம்பி ஃபில்டரை அடைத்தால் முடிந்தது. காற்று உங்களைப் பாறைக் கரைப் பக்கம் தள்ளும்போது, எதிர்த்திசையில் அங்குலம் அங்குலமாக விலக உதவுவது இந்தத் துண்டுப் பாய்தான். புயல் உச்சத்துக்குப் போனால் இதையும் இறக்க வேண்டி வரும், அது வேறு.

1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்துக்கு 303 படகுகள் கிளம்பி, 15 வீரர்கள் இறந்தார்கள். 1998-ல் சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் 6 பேர். அத்தனை சாவையும் ஒரு பாயின் பற்றில் எழுதினால் பொய்க் கணக்கு. ஆனால் உலகறிந்த மாலுமிகளுக்கே, ஆழ்கடல் பந்தயமென்றால் இந்தப் பாய் கட்டாயம் என்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு சொந்தப் படகில் போகிற என் நண்பனுக்கு இங்கிலாந்தில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. கோப்பைக்குக் குழி வெட்டத் தோன்றியவர்களுக்கு, இரண்டாவது கம்பிக்கு ஒரு வளையம் வைக்கத் தோன்றவில்லையே, ஏன்? கோப்பைக் குழியைப் பார்த்துத்தான் செக் எழுதுகிறோம், அதனால்.

‘‘காற்றே இல்லாத நாளில், கரையில் கட்டி வைத்தே ஒரு தடவை ஏற்றிப் பாருடா’’ என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து போன்.

‘‘பையைப் பிரிச்சேன் மாப்ளே. பாய் புத்தம் புதுசா இருக்கு. கொக்கி வரிசையா பத்து இருக்கு. மாட்டறதுக்குத்தான் என் படகுல கம்பியே இல்லை.’’