சாயம் வெளுக்கலாமா?

"கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் வாக்கு. கந்தையைக் கசக்கினால் அழுக்குப் போகும். அழுக்கோடு சாயமும் சேர்ந்து போனால் என்ன செய்வது? போன சாயம் பக்கத்திலிருக்கும் வெள்ளைத் துணியில் போய்க் குடியேறிக்கொண்டால் என்ன செய்வது? பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களுக்கு இவ்வாண்டு இந்தச் சோதனை வந்தது. அதற்கு விடை தேடப் போன இடத்தில் எங்கள் சாயமும் சற்று வெளுத்துப் போயிற்று. அதை மறைக்காமல் எழுதுவதே முறை என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஆகஸ்டு 15 தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாள். அன்று முதியோர் இல்லம் ஒன்றுக்கு ஒட்டுத்துணிப் போர்வைகள் இரண்டு தைத்துக் கொடுப்பதென்று ஜூன் மாதமே முடிவு செய்தோம். ராயகிரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் எங்கள் வீடுகளில் பழந்துணிக்கா பஞ்சம்? அம்மாவின் சுங்குடிச் சேலை, பாட்டியின் கண்டாங்கி, அண்ணனின் கட்டம் போட்ட சாரம் எல்லாம் வந்து சேர்ந்தன. நடுவே தாத்தாமாரின் பழைய வேட்டிகளை மடித்து வைத்து, கையாலேயே ஓடுதையல் போட்டோம். வங்காளத்தில் இத்தகைய வேலையைக் காந்தா என்றும், கர்நாடகத்தில் கௌதி என்றும் சொல்வார்கள் என்று தையல் சிஸ்டர் கூறினார்கள். ஏழு வாரம் தைத்தோம். விரலில் ஊசி குத்தாதவர் எங்களில் ஒருவரும் இல்லை.

பழந்துணிகளின் நிறம் மங்கலாக இருக்கிறதே என்று, தையற்கடையிலிருந்து வெட்டுத் துணிகளும் கொஞ்சம் வாங்கி வந்தோம். அவற்றில் ஒன்று குங்குமச் சிவப்பு. தண்ணீர் படாத கோடித் துணி. நட்சத்திரம் போல வெட்டி ஒரு போர்வையின் நடுவில் தைத்தபோது அழகு கொழித்தது. ஆகஸ்டு 11ஆம் நாள் இரண்டு போர்வைகளையும் அலசிப் பிழிந்தோம். அன்று பார்த்து ஆடிச் சாரல். குற்றாலத்தில் அருவி கொட்டும் நாட்களில், மலையடிவாரத்து எங்கள் ஊர்களிலும் ஈரக் காற்றுதான். போர்வை காயவில்லை. ஈரத்தோடு மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை விரித்துப் பார்த்தவுடன் எங்கள் முகம் வெளுத்தது. சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றி நாலு விரற்கடை அகலத்துக்குச் செம்மை பரவியிருந்தது. மடிப்பில் எந்தெந்த வெள்ளைத் துணி அதன்மேல் பட்டிருந்ததோ, அதிலெல்லாம் ஒரு பாதி நட்சத்திரம்.

அப்போது எங்களில் ஒருத்தி சொன்னாள்: "விடுங்கடீ, முதியோர் இல்லத்துக்குத்தானே! யார் பார்க்கப் போறாங்க?" யாரும் அவளை மறுத்துப் பேசவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் "ஆமாம்" என்பது போல நின்றோம். அவள் சொன்னது எங்கள் எல்லோர் மனத்திலும் ஓடியதுதான். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் கோபப்படவில்லை. "உங்க பாட்டி கட்டில்ல இதை விரிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. சரி, இதைச் சீர்செய்ய வழி உண்டா என்று அறிவியல் ஆசிரியையிடம் போனோம். அவர்கள் முதலில் நோயின் மூலத்தை விளக்கினார்கள். பருத்தி நூலுக்குப் போடும் சாயங்களில் பல வகை உண்டு. நேரடிச் சாயம் என்பது நூலோடு இறுகப் பிணைவதில்லை. தண்ணீர் பட்டால் சிறிது சிறிதாகக் கழன்று வரும். 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த வினைபுரி சாயம் வேறு வகை. அது நூலோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்ளும். ஆனால் போட்ட சாயம் முழுவதும் பிணைவதில்லை. பிணையாமல் தங்கிய மிச்சத்தைச் சாயப்பட்டறையிலேயே சூடான நீரிலும் சோப்பிலும் பலமுறை அலசிப் போக்க வேண்டும். அவசரத்தில் அந்த அலசல் குறைந்தால், மிச்சச் சாயம் துணியோடு நம் வீட்டுக்கு வந்துவிடும். ஈரத்தில் மடித்து வைப்பது அதற்கு வழிவிட்டுக் கொடுப்பதாகும். அது நகர்ந்து பக்கத்துத் துணியில் ஏறிக்கொள்ள ஓர் இரவு முழுவதும் நாங்களே கொடுத்திருந்தோம்!

"கல்லுப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று அம்மா சொல்வார்களே?" என்று கேட்டோம். பல வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. ஆசிரியை சொன்ன விளக்கம் எங்களுக்குப் புதியது. சாயம் போடும் தொட்டியில் உப்புச் சேர்ப்பது உண்மை. அது சாயத்தை நூலின் பக்கம் தள்ளுகிறது. ஆனால் போட்டு முடித்த துணியில் மிஞ்சியிருக்கும் சாயத்தை உப்பால் நிலையாகக் கட்டிவைக்க முடியாது. வினிகரும் அப்படியே. பட்டு, கம்பளிக்குப் போடும் சில சாயங்களுக்கு அமிலம் துணை செய்யும். பருத்திக்கு அது உதவாது. படிகாரத்தின் கதை வேறு. நம் நாட்டில் சாயவேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்த காலத்தில், கடுக்காயும் படிகாரமும் சேர்த்துத் துணியை முதலிலேயே பதப்படுத்தினார்கள். சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளை 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் தேடி வாங்கியதற்கு, துவைத்தாலும் நிறம் போகாத அந்தத் திறமையும் ஒரு காரணம். ஆகவே படிகாரத்தின் வேலை சாயம் போடுமுன் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு கடைச் சாயத்தில் அதைக் கரைத்து ஊற்றிப் பயனில்லை.

பிறகு மருந்து சொன்னார்கள். கறைபட்ட துணியை வெயிலில் காயப் போடாதே. இஸ்திரிப் பெட்டி வைக்காதே. பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதே, அது கறையோடு நல்ல நிறத்தையும் தின்றுவிடும். விடுதிச் சமையலறையிலிருந்து பெரிய அண்டாவை வாங்கினோம். சமையற்கார அக்கா கை பொறுக்காத சூட்டில் நீர் ஊற்றிக் கொடுக்க, சலவைத் திரவத்தைத் தாராளமாகக் கலந்தோம். போர்வையை அமுக்கி, மேலே தட்டுகளைக் கவிழ்த்துப் பாரம் ஏற்றினோம். ஒரு மூலைகூட நீருக்கு மேலே தெரியக் கூடாது. கழன்று வரும் சாயத்தைச் சோப்பு நீர் பிடித்து வைத்துக்கொள்ளும். நீர் நிறைய இருந்தால்தான் அது மீண்டும் துணியில் படியாது. மறுநாள் காலை அண்டாவில் நன்னாரி சர்பத் போல ஒரு நீர்! கொட்டிவிட்டு மறுபடியும் ஊற வைத்தோம். இரண்டாம் நாள் இளஞ்சிவப்பு. மூன்றாம் நாள் லேசான நிறம். நான்காம் முறை ஒரு வெள்ளைக் கைக்குட்டையை உடன் போட்டுப் பார்த்தோம். அது வெள்ளையாகவே வெளியே வந்தது. இது பருத்திக்கு உரிய முறை. பட்டுச் சேலையில் யாரும் செய்துவிட வேண்டாம்.

இதற்குள் திருநாள் கடந்துவிட்டது. அன்று நாங்கள் வெறுங்கையோடு பூசைக்குப் போனோம்.

இங்கே ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. நம் மாநிலத்தில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு வெளிநாடுகளில் 'மெட்ராஸ்' என்றே பெயர். கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் என்ற ஏற்றுமதியாளர் 1958ஆம் ஆண்டு அதை ஓர் அமெரிக்க வணிகருக்கு விற்றார். பக்குவமாகக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றும், சாயம் போய்ப் பெரும் புகார் எழுந்தது என்றும் கூறுவார்கள். விளம்பரக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "சாயம் போகும் என்று உத்தரவாதம் தருகிறோம்" என்று அதையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம் என்று அமெரிக்க இளைஞர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் எங்கள் கருத்து வேறு. சாயம் போகும் என்று தெரிந்து, விரும்பி, காசு கொடுத்து வாங்கியவருக்கு அது விளையாட்டு. நாம் கொடுப்பதை மறுக்க முடியாமல் வாங்கிக்கொள்பவருக்கு அது விளையாட்டாகுமா? "முதியோர் இல்லத்துக்குத்தானே" என்ற சொல்லும் ஒரு விளம்பரமே. எங்கள் சோம்பலுக்கு நாங்களே எழுதிக்கொண்ட விளம்பரம்!

ஆகஸ்டு 22ஆம் நாள் போர்வைகளைக் கொண்டு சென்றோம். ஒரு மூலையில் மட்டும் ரோஜா நிறத்தில் நிழல் போல ஒரு சுவடு. அதை மறைத்து மடிக்க வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். வாங்கிக்கொண்ட பாட்டி முதலில் கையால் தடவித் தையலைப் பார்த்தார்கள். பிறகு கண்ணுக்கு அருகில் தூக்கிப் பிடித்து, "கோடித் துணிய மூணு தண்ணி பாக்காமத் தச்சிருக்கீகளே தாயீ!" என்று சிரித்தார்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோமே, அவர்கள் பார்த்தார்கள். எங்களைவிட நன்றாகவே பார்த்தார்கள். எங்களுக்கு மூன்று மாதம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்கள்.

கோடித் துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப் போடுவது பற்றி நம் ஆண்டவர் உவமை சொன்னது எல்லோருக்கும் தெரியும். பூசையில் எத்தனையோ முறை கேட்டும், ஊசியைக் கையில் எடுத்தபோது அது எங்கள் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே அடுத்த ஆண்டு தைக்கப் போகும் தங்கைகளுக்கும், வீட்டில் தைக்கும் அன்னையருக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான். எந்தப் புதுத் துணியையும் வெட்டுமுன் தனியாக மூன்று முறை அலசுங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய நிறங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு தம்ளர் சுடுநீரில் இரண்டு சொட்டுச் சோப்பு விட்டு, அந்தத் துணியின் துண்டையும் ஒரு வெள்ளைத் துண்டையும் அரைமணி நேரம் ஊற விடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் மீண்டும் அலசுங்கள். அலசியும் நிற்காத துணியை, எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். தைத்த போர்வையை ஈரத்தோடு ஒருநாளும் மடிக்காதீர்கள்.

தையல் அறையில் இதற்கென ஒரு கண்ணாடித் தம்ளரும் வெள்ளைத் துணியும் எப்போதும் இருக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்களைக் கேட்டுக்கொண்டோம். இப்போது அலமாரியின் மேல் தட்டில் அவை இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில், சிஸ்டர் எங்களிடம் கேட்ட கேள்வியையும் ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

- பத்தாம் வகுப்பு மாணவிகள் சார்பில், ஒரு மாணவி