வயலினுக்குத் தீட்சை அளித்தவர் யார்?

வீணையும் புல்லாங்குழலும் தெய்வீகக் கருவிகள், கீபோர்டும் கிதாரும் கேளிக்கைக் கருவிகள் என்னும் பாகுபாடு தமிழ்நாட்டின் நடுத்தர வீடுகளில் கேள்வியின்றி நிலைபெற்றுவிட்டது. பிள்ளையை இசை வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் முதல் பணி ஓய்வுக்குப் பின் ஏதேனும் ஒரு கருவியைப் பழக விழையும் முதியவர் வரை, இசையைத் தொழிலாகக் கொள்ளாமல் விருப்பத்தால் மட்டுமே பயிலும் அனைவருக்கும், பக்தி வேண்டுமாயின் இன்ன கருவி, பொழுதுபோக்கு வேண்டுமாயின் இன்ன கருவி என்று கூசாமல் அறிவுரை வழங்கப்படுகிறது. இந்த எண்ணம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 2022-ஆம் ஆண்டில் சீக்கியர்களின் உயர்ந்த சமயபீடமாகிய அகால் தக்த், அமிர்தசரஸ் பொற்கோயிலில் நடைபெறும் கீர்த்தனையிலிருந்து ஆர்மோனியத்தை மூன்றாண்டுகளுக்குள் விலக்குமாறு அறிவுறுத்தியபோது, அக்கருவியின்மீது சொல்லப்பட்ட முதன்மையான குற்றம் அது ஆங்கிலேயர் காலத்தில் புகுந்த அயற்கருவி என்பதே. பல தலைமுறைகளாக ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு குருவின் பாடல்களை உருகிப் பாடியவர்களின் பக்தி எந்த வகையில் குறைபட்டது என்பதற்கு இத்தகைய வாதங்களில் விடை கிடைப்பதில்லை.

அயல்நாட்டில் பிறந்தது குற்றமாயின், முதலில் மேடையிலிருந்து இறக்கப்பட வேண்டியது வயலின். பதினாறாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் உருப்பெற்ற இக்கருவியை, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவின் வயலின் திறனைப் போற்றி, திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். அதற்கு ஆறே ஆண்டுகள் கழித்து, 1840-இல், ஐரோப்பாவின் புகழ்பெற்ற வயலின் மேதை பகானினி நீஸ் நகரில் இறந்தபோது, அவருக்குத் திருச்சபையின் புனித நிலத்தில் இடம் மறுக்கப்பட்டது. இறுதி வேளையில் அவர் குருவானவரை ஏற்கவில்லை என்பது அதற்கான காரணம் எனினும், அவருடைய வாசிப்பு சாத்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் வந்தது என்னும் வதந்தி அவர் வாழ்நாள் முழுதும் அவரைத் துரத்தியது. ஒரே காலத்தில், ஒரே மரத்துண்டும் ஒரே குதிரை வாலின் மயிரும் நீஸில் பேயின் கருவியாகப் பேசப்பட்டு, திருவனந்தபுரத்தில் பத்மநாபன் சந்நிதிக்கு உகந்த கருவியாக மதிக்கப்பட்டன என்றால், தெய்வீகம் அந்த மரத்தில் எந்த இடத்தில் ஒளிந்திருந்தது? இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. தியாகராஜர் கீர்த்தனை பாடப்படும் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கும் கலைஞரைப் பார்த்து அயற்கருவி என்று முகஞ்சுளிப்பவர் எவருமில்லை. வயலினுக்கு எந்த ஆகமமும் தீட்சை அளிக்கவில்லை. வாசித்தவர்களின் உழைப்பே அளித்தது.

கமகத்தைச் சொல்லித் தப்பிக்க முயல்வோர் உண்டு. கமகம் என்பது ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஒலியை அசைத்தும் வழுக்கியும் கொண்டுசெல்லும் முறை. கட்டைகளில் ஒலி அறுதியாகப் பிரிந்து நிற்கும் ஆர்மோனியத்தில் அது இயல்பாக வராது என்பதும், அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்குத் தடை விதித்திருந்ததற்கு இக்குறையும் ஒரு காரணம் என்பதும் உண்மை. ஆனால் அது ராகத்தைப் பற்றிய தொழில்நுட்பக் குறையே அன்றி ஆன்மாவைப் பற்றிய குறை அன்று. தோடி ராகத்தை முழுமையாகக் காட்ட இயலாத கருவியால் கடவுளையும் அழைக்க இயலாது என்று முடிவுகட்டுவோர், ஆர்மோனியத்தோடு ஒலித்த நாகூர் அனிபாவின் இசுலாமியப் பக்திப் பாடல்களைக் கேட்டுக் கண்கலங்கிய இலட்சக்கணக்கான தமிழரை எந்தக் கணக்கில் எழுதுவர்?

தெய்வீகம் கருவிக்குள்ளேயே இருக்கிறது என்னும் நம்பிக்கைக்குத் தேவாரத்தின் வரலாறும் எதிராகவே நிற்கிறது. ஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று அவர் பாடல்களை வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் கையிலிருந்தது யாழ் என்னும் பழந்தமிழ் நரம்புக்கருவி. சம்பந்தர் தருமபுரத்தில் பாடிய பதிகம் ஒன்று யாழில் அடங்காமற்போக, பாணர் தம் கருவியையே உடைக்க முற்பட்டார் என்றும் சம்பந்தர் அதைத் தடுத்தார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அத்தனை பெருமை பெற்ற யாழ் பின்னர் வழக்கொழிந்தது. அதன் அமைப்பை ஆராய்ந்து மீட்டெடுக்க விபுலானந்த அடிகள் பல்லாண்டுகள் உழைத்து 1947-இல் ‘யாழ் நூல்’ வெளியிட வேண்டியிருந்தது. கருவி போயிற்று, ஆயினும் பதிகம் ஓதுவார்களின் குரலில் இன்றும் நிற்கிறது. தெய்வம் யாழின் நரம்பில் குடியிருந்திருந்தால், யாழோடு சேர்ந்து தேவாரமும் அல்லவா அழிந்திருக்க வேண்டும்?

தெய்வீகக் கருவி, கேளிக்கைக் கருவி என்னும் பாகுபாட்டின் வேர் இசையில் இல்லை, சாதியில் இருக்கிறது. தெய்வத் தொடர்பே அளவுகோல் என்றால் நாதசுவரத்தைவிட உயர்ந்த கருவி தமிழ்நாட்டில் இருக்க முடியாது; கோயில் நடை திறப்பதும் சுவாமி வீதியுலா போவதும் அதன் ஒலியோடுதான். ஆயினும் தெய்வீகக் கருவி வேண்டும் என்று கேட்கும் நடுத்தர வீடுகளில் எத்தனை வீடுகள் பிள்ளையை நாதசுவரம் கற்க அனுப்புகின்றன? அது இசைவேளாளர் குலத்தொழில் என்று ஒதுக்கப்பட்ட கருவி. திருவரங்கத்தில் வாழ்ந்து நாதசுவரத்துக்கே தம் வாழ்வை அளித்த ஷேக் சின்ன மௌலானா ஓர் இசுலாமியர் என்பதை இவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் பிள்ளையின் கையில் வீணையைத்தான் கொடுப்பார்கள். மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் வேண்டும். அவற்றைப் பதப்படுத்தி மூட்டும் குடும்பங்களிற் பல தலித் கிறித்தவக் குடும்பங்கள். கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் அவர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூல் எழுதும்வரை, அவர்களின் பெயர்கள் இரசிகர்களிற் பெரும்பாலோருக்குத் தெரியாமலே இருந்தன. மேடைக்கு வந்தபின் தெய்வீகம் ஆகும் கருவி, அதைச் செய்தவர் கையில் இருக்கும்போது மட்டும் ஏன் வெறும் தோலாகவே இருக்கிறது? பறை, உடுக்கை, வில்லுப்பாட்டின் வில்லும் குடமும் ஆகியவை அம்மனையும் சுடலையையும் ஆடவைக்கும் கருவிகள் என்பதை ஊரே அறியும். ஆனால் தெய்வீகக் கருவிகளின் பட்டியலை எழுதியவர் எவரும் அவற்றைச் சேர்த்ததில்லை. மாலையில் அலுவலகம் விட்டு வந்து, மலிவான கீபோர்டில் முருகன் பாட்டை ஒற்றை விரலால் தேடிப் பிடிக்கும் எழுத்தரும் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கிறார். அவர் தேடுவதைப் பக்தி அன்று என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

இயந்திரத்தில் ஆன்மா இல்லை என்று கீபோர்டைக் கண்டிப்பவர்கள், தீபாராதனை வேளையில் கோயிலுக்குள் மின்சாரத்தில் ஓடும் மேள இயந்திரம் முரசையும் மணியையும் தானே அடித்துக்கொள்ளும்போது கைகூப்பிக் கண்மூடி நிற்கிறார்கள். அந்த இயந்திரம் நுழைந்த கோயில்களில் தவிலும் நாதசுவரமும் வாசித்துவந்த குடும்பங்களின் அன்றாட வருவாய் நின்றது. அப்போது இயந்திரத்தின் ஆன்மாவைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.